பிறேக்குக்கு எண்ணெய் முழுக்கு

சத்தியமாகச் சொல்லுகிறேன். நல்லூர்க் கந்தன் அறியச் சொல்லுகிறேன். இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால் இந்தப் பஸ் அடுத்த சிவப்பு விளக்கில் நிற்காமலே போகட்டும். ஏன் தம்பி நெளிகிறீர்? முன்னாலிருக்கிற மனிசி திரும்பிப் பார்க்கிறா என்றா? பார்க்கட்டும். சத்தியத்தைச் சத்தமாகத்தான் செய்யவேண்டும். மெதுவாகச் செய்தால் அதற்குப் பெயர் கோள்.

நீர் போனில் பழைய கார்ப் படங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தீர். அதைக் கண்டுதான் அங்கே வெறும் இருக்கை கிடக்க நான் உம்மருகில் வந்து இருந்தேன். ஊரிலிருந்து வந்து இதுதான் முதல் வின்ரரா? முகத்தைப் பார்க்கவே தெரிகிறது. தொப்பியைக் கழுத்துவரை இழுத்து விட்டிருக்கிறீர். சரி, கார் வாங்கும். வாங்கவேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் வாங்கமுதல் இந்த ஊர் உப்பைப் பற்றி ஒரு கதை கேளும்.

இந்தச் சனத்தைப் பாரும். சாப்பாட்டில் உப்பு ஒரு கிள்ளுக் கூடினால் டொக்டரிடம் ஓடும். றோட்டில் லொறி லொறியாய்க் கொட்டும். பனி வழுக்குமாம், அதற்கு உப்பு. உப்புக் காரைத் தின்னும், அதற்குக் கராஜ். கராஜ்காரன் ஆளைத் தின்னுவான், அதற்கு மருந்து கிடையாது. படித்த நாடு. எங்கள் ஊரில் மழை பெய்து வெள்ளம் நின்றால் காலை வைத்துப் பார்த்து நடப்போம். இவர்கள் றோட்டையே கருவாடு போடுகிறார்கள்.

எவ்வளவு உப்பு என்று கேளுமேன். நான் வந்த முதல் வின்ரரில் வீட்டு வாசலில் நின்ற காரைக் காலமை போய்ப் பார்த்தால், ஒரு மூஸ் நின்று நக்கிக்கொண்டிருக்கிறது. மூஸ் தெரியுமோ? எருமைக்கும் முருங்கை மரத்துக்கும் கலியாணம் நடந்தால் பிறக்கிற மாதிரி ஒரு மிருகம். வடக்கே காட்டில் இருப்பது, உப்பு மணம் பிடித்து ஸ்காபரோ வரைக்கும் நடந்தே வந்திருக்கிறது. ஒரு பக்கம் நக்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் "மற்றப் பக்கமும் கிடக்கு" என்றேன். சுற்றிப் போய் அதையும் நக்கியது. அந்த வருசம் ஒரு துருவும் இல்லை. சிரியாதையும். நான் சத்தியம் செய்தது உமக்குக் கேட்டதுதானே.

என் பெயர் ஐயாத்துரை. ஊரில் பஸ் ஓடினவன். பிறேக்கைப் பற்றி எனக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஒருமுறை இயக்கச்சி வளைவில் பிறேக் முழுதாய் அறுந்து போயிற்று. பஸ் நிறையச் சனம். கொண்டக்டர் அழத் தொடங்கிவிட்டான். நான் திரும்பிப் பார்க்காமல், "எல்லாரும் ஒருமிக்கப் பின்னுக்குச் சாயுங்கோ" என்று ஒரு சத்தம் போட்டேன். சாய்ந்தார்கள். பஸ் நின்றது. எங்கே நின்றது? சரியாகத் தரிப்பிடத்தில். இறங்கவேண்டிய ஆட்கள் இறங்கினார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த சம்பந்தியைப் பாரும். தில்லையம்பலம் என்று பெயர். என் மகள் வதனியைக் கட்டிய கேதீசின் தகப்பன். ஆனையிறவு உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தவராம். மேற்பார்வை என்றால் என்ன, மற்றவன் வெயிலில் உப்பு வார, இவர் தொப்பியோடு நின்று பார்ப்பது. அதனால் உலகத்து உப்பெல்லாம் இவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கரையும் என்பது போல ஒரு நடை.

அவரும் மனிசி இல்லாதவர், நானும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒரே வீடு. அவர் "என்ரை மகன்ரை வீடு" என்பார். நான் "என்ரை மகளின்ரை வீடு" என்பேன். அவர் சொன்னால் ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். நான் சொன்னால் கேதீஸ் ஒருதரம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். அவ்வளவுதான். நல்ல பெடியன்.

கேதீஸ் புதுக் கார் வாங்கியபோது பழைய சாம்பல் நிறக் கொறொல்லாவை எங்கள் இரண்டு பேருக்கும் விட்டான். தம்பி, உமக்கு இப்போது விளங்காது. இந்த ஊரில் பனி விழத் தொடங்கினால் வயதுபோனவன் யன்னலுக்குள் வைத்த பூச்சாடி. கார் ஒன்று இருந்தால்தான் ஆள். கோவில், மீன்கடை, நூலகத்துக்குக் கீழே நடக்கிற முதியோர் கூட்டம், எல்லாம் அந்தக் கார்தான். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: போகும்போது அவர் ஓடுவார், வரும்போது நான் ஓடுவேன். போகும்போது நான் பிழை சொல்லுவேன். வரும்போது அவர் பிழை சொல்லுவார். ஒருவருக்கும் அநியாயம் இல்லை.

போன இலையுதிர்காலத்தில் கார் நிற்கும்போதெல்லாம் தகரத்தில் ஆணியால் கீறுகிற சத்தம் போடத் தொடங்கியது. வதனி ஜூட்டின் கராஜுக்குக் கொண்டுபோனாள். ஜூட் பாசையூர்ப் பெடியன். வாயில் எந்த நேரமும் ஒரு மீன் றோல்ஸ் இருக்கும், அதற்குப் பின்னால்தான் கதை வரும். சில்லைக் கழற்றிக் காட்டினான். பிறேக்கின் இரும்புத் தட்டு அப்பம் கரையில் கருகின மாதிரி உதிர்ந்துபோய்க் கிடந்தது.

"உப்பு, அக்கா. நாலு சில்லும் தின்னுப்பட்டுப் போச்சு," என்றான்.

புதிய தட்டு, அதை இறுக்கிப் பிடிக்கிற புதிய கட்டை எல்லாம் போட்டாயிற்று. அன்றைக்கு வதனி எங்கள் இரண்டு பேரையும் சோபாவில் இருத்திவைத்துத் தீர்ப்புச் சொன்னாள். சின்ன வயதில் நான் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை.

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேளுங்கோ. இந்த பிறேக்தான் கடைசி. பங்குனியிலை ஜூட் பாப்பான். திரும்பவும் பிறேக் பழுதெண்டால் கார் உடைக்கிற இடத்துக்குப் போகும். ரெண்டு பேரும் பஸ்ஸிலை போய் வாங்கோ."

"பிறேக் நல்லா இருந்தால்?" என்று தில்லையம்பலம் கேட்டார்.

"இருந்தால் கார் உங்கடை. நான் வாய் திறக்கமாட்டன்."

ஆகவே பங்குனி வரைக்கும் அந்த பிறேக்கை உப்பிடமிருந்து காப்பாற்றவேண்டும். அதுதான் கதை. ஜூட் என்ன சொல்லிவிட்டான் தெரியுமோ? "ஐயாமார், ஒண்டும் செய்யாதேங்கோ. கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் ஓடுங்கோ, ஓடினாலே மேல் துரு தேஞ்சுபோம். பனி இளகிற நாளிலை கார் கழுவிற இடத்துக்குக் கொண்டுபோய் அடிப்பக்கம் கழுவுவியுங்கோ. தட்டிலை கை வைக்காதேங்கோ. கிறீஸ் வைக்கிற இடம் எனக்குத் தெரியும், அதை நான் பாப்பன்." இதைச் சொல்ல ஒருவன் படித்து, கராஜ் திறந்து, பலகை மாட்டியிருக்கிறான். ஒன்றும் செய்யாதே என்று சொல்ல. வைத்தியரிடம் போனால் வைத்தியர், போய்ப் படு என்று சொல்லுகிற மாதிரி.

எனக்கு அது பிடிக்கவில்லை. தில்லையம்பலத்துக்கும் பிடிக்கவில்லை. எங்கள் வாழ்க்கையில் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

உப்பு விழத் தொடங்கியதும் மனிதர் உப்பளத்துப் புத்தியைக் காட்டத் தொடங்கினார். "ஐயாத்துரை, உப்பை வெல்லுறதெண்டால் கரைக்க வேணும். முப்பது வருசம் உப்போடை சீவிச்சனான்" என்றார். குளியலறையிலிருந்து பெயின்ற் வாளியில் சுடுதண்ணீர் காவிக்கொண்டு போய் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஊற்றுவார். கார் கழுவுகிற இடம் பத்து நிமிசத் தூரத்தில் இருக்கிறது. அங்கே போனால் மற்றவன் கழுவுவான், இவருக்கு மேற்பார்வைதான். அதனால் வீட்டிலேயே. வெளியில் எச்சில் துப்பினால் அது கல்லாய் விழுகிற குளிர். ஊற்றின தண்ணீர் சில்லுக்குக் கீழே போய்க் கண்ணாடியாகிவிட்டது. வாசல் முழுதும் பளிங்கு மண்டபம். கடிதம் கொண்டு வந்த பிள்ளை வழுக்கிக்கொண்டு படலையிலிருந்து கதவு வரைக்கும் நிற்காமல் வந்து, பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டுவிட்டு, அப்படியே திரும்ப வழுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஒரு காலடி எடுத்து வைக்கவில்லை. நான் என் கண்ணால் கண்டேன்.

"இது பிறேக்குக்குப் பாதுகாப்போ, காருக்குச் சமாதியோ?" என்று கேட்டேன்.

"உமக்கு உப்பைத் தெரியாது. நீர் உப்பு ஏத்தின பஸ்ஸைத்தான் கண்டிருப்பீர்," என்றார்.

அந்தச் சொல் தம்பி, அந்தச் சொல் என்னைச் சுட்டது. அதற்குப் பிறகுதான் நான் என் வித்தையை எடுத்தேன்.

இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. யோசித்துப் பாரும். மாரி தொடங்கமுதல் எங்கள் ஊரில் மண்வெட்டியை என்ன செய்வோம்? கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி மூலையில் சாத்துவோம். கத்திக்கு எண்ணெய். தேங்காய் துருவுகிற திருவலைக்கு எண்ணெய். கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய். உப்புக் காற்று அடிக்கிற கரையில் பிறந்த எந்த இரும்பும் எண்ணெய் பூசித்தான் இவ்வளவு காலமும் சீவித்தது. இந்த வெள்ளைக்காரன் காரில் ஒவ்வொரு மூலைக்கும் ஒவ்வொரு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறான், ஆனால் வெளியில் உப்பில் நனைகிற இரும்புக்கு ஒரு சொட்டுக் கிடையாது. மூளை எங்கே போயிற்று? நான் கண்டுபிடிக்கும்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் இருந்தது நல்லெண்ணெய். வேறு எண்ணெய் சரிவராது. தேங்காயெண்ணெய் இந்தக் குளிருக்கு வெண்ணெயாய்ப் போகும். நல்லெண்ணெய் உறையாது, உடம்புக்கும் குளிர்ச்சி. பழைய பனியன் துண்டை அகப்பைக் காம்பில் சுற்றி, சில்லின் ஓட்டைக்குள்ளால் விட்டு, தட்டின் இரண்டு பக்கமும் பூசினேன். குழந்தைக்குப் பூசுகிற மாதிரி, பதமாய். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை ஒரு பூச்சு. பொங்கலன்று விடிய எழுந்து இன்னொரு பூச்சு, இந்த முறை தாராளமாய். இடையில் காரை ஒருவரும் எடுக்கவில்லை. எடுக்க விடவும் இல்லை நான். இடுப்புப் பிடிப்பென்று படுத்துக்கொண்டேன்.

வதனி குசினியில் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். "அப்பா, நல்லெண்ணெய் எங்கை போகுது?"

"சனிக்கிழமை முழுக்கு, பிள்ளை. தலைக்கு வைக்கிறன்."

பக்கத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தில்லையம்பலம் என் தலையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றுகிறேன், நீரும் பாரும். கண்டீரோ? ஒரு மயிர் இல்லை. மனிதர் பார்த்தார், பிறகு என் சேட்டுக் கையைப் பார்த்தார். அதில் கொஞ்சம் எண்ணெய் பட்டிருந்தது போல.

"நல்ல பழக்கம்," என்றார். "விடாமல் வையும்." நக்கல்.

பொங்கலன்று கோவிலுக்குப் போகவேண்டும். கோவில் என்றால் கோபுரம் வைத்த கோவில் இல்லை. ஒரு பக்கம் தளபாடக் கடை, ஒரு பக்கம் ரயர்க் கடை, நடுவில் பிள்ளையார். முன்னால் பெரிய கார்ப் பார்க், றோட்டிலிருந்து உள்ளே போகச் சின்ன இறக்கம். போகிற வழி, ஆகவே அவர் ஓடினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

முதல் சந்தியிலேயே கார் நிற்கவேண்டிய கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டியது.

"ஐயாத்துரை, பிறேக் பிடிக்குதில்லை."

"பிடிக்கும். புது மாப்பிள்ளை மாதிரி, கொஞ்சம் கூச்சம் இருக்கும். மெல்ல மிதியும்."

"புதுசு போட்டு ரெண்டு மாசமாச்சு."

"நீர் தண்ணியூத்தி அதைப் பயப்பிடுத்தி வைச்சிருக்கிறீர்."

அடுத்த சந்தி. இவர் மிதித்து மிதித்துப் போகிறார். கொஞ்சத் தூரம் போக ஒரு மணம். தம்பி, என்ன சொல்ல, வாயில் நீர் ஊறுகிற மணம். எள்ளுருண்டை ஒரு பக்கம், முறுக்கு ஒரு பக்கம்.

"ஆரோ பலகாரம் சுடுகினம்," என்றார்.

"பொங்கலண்டு சுடாமல்?" என்றேன்.

"காருக்குள்ளை எப்பிடி மணக்குது?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லிலிருந்து மெல்லிய புகை வந்தது. எண்ணெய் நன்றாக உள்ளே இறங்கி வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

கோவில் வந்தது. இறக்கத்தில் இறங்கினோம். இவர் பிறேக்கை மிதிக்கிறார், கார் தன்பாட்டில் போகிறது. கூடாரம் அடித்து வெளியில் பொங்கிக்கொண்டிருந்தார்கள். சனம் தட்டோடு வரிசை. பிள்ளைகள் கரும்போடு ஓடித் திரிகின்றன. பூசை முடித்த ஐயர் வேட்டிக்கு மேல் பெரிய ஜக்கெற்றும் காலில் பனிச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, தீபத் தட்டோடு நடுவில் நிற்கிறார்.

நான் உடனே, "பின்னுக்குச் சாயும்" என்று சத்தம் போட்டேன். என் சத்தத்துக்கு இயக்கச்சியில் ஒரு பஸ் நின்றது. இந்த மனிதர் சாயவில்லை. முன்னுக்கு வளைந்து சுக்கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஹோர்னை அமத்தினபடி, கியரைக் கீழே இழுத்து, காரை ஒரு பக்கமாய் வெட்டினார். ஐயருக்கும் கரும்புக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் இருந்தது. அதற்குள்ளால் போயிற்று. போய், மூலையில் வழித்துக் குவித்திருந்த பனி மலைக்குள் மூக்கை விட்டு நின்றது. தீபத் தட்டில் சுடர்கூட அணையவில்லை. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், என்னமாய் வெட்டினார் மனிதர் என்று. வெட்டத் தேவையே இல்லை. சாய்ந்திருந்தால் நின்றிருக்கும்.

கார்க் கதவைத் திறக்க முடியவில்லை. பின்னால் சில்லிலிருந்து புகை. ஓர் அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு வந்து யன்னலைத் தட்டி, "வடை இஞ்சையோ குடுக்கிறியள்?" என்று கேட்டா.

தில்லையம்பலம் சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை. பயந்த மனிதர். நான் இரண்டு கையாலும் கதவைப் பிடித்திருந்தது குளிருக்குத்தான்.

வதனியும் கேதீசும் தங்கள் காரில் வந்து சேர்ந்தார்கள். காரைக் கட்டி இழுத்து ஜூட்டிடம் கொண்டுபோனார்கள். எல்லாரும் கராஜில் நின்றோம். அங்கே நடந்ததைத்தான் நீர் கவனமாய்க் கேட்கவேண்டும். என் மனம் நொந்தது அங்கேதான்.

ஜூட் சில்லைக் கழற்றினான். தட்டை விரலால் தொட்டான். மணந்தான். றோல்ஸைக் கீழே வைத்தான். அவன் றோல்ஸைக் கீழே வைத்து நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"நல்லெண்ணெய்," என்றான்.

"பிறேக்குக்கு நல்லெண்ணெய் பூசியிருக்கு. தட்டு வழுக்கினால் கட்டை எப்பிடிப் பிடிக்கும்? பிள்ளையளுக்கு மேலை கார் ஏறியிருந்தால்? ஆர் செய்த வேலை இது?"

வதனி என்னைப் பார்த்தாள். குசினிப் போத்தலைத் தூக்கிப் பார்க்கிற அதே பார்வை. கேதீசும் என்னைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றினான். ஆனால் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே பார்த்தான். அந்தப் பார்வையில் அவனுடைய வீட்டு வாசற்படி தெரிந்தது, நான் அதற்கு வெளியே நிற்கிற மாதிரி.

நான் வாயைத் திறக்கத்தான் போனேன். இது என்னுடைய கண்டுபிடிப்பு, இது தண்ணீர் ஊற்றினவரால் பழுதாய்ப் போயிற்று, எண்ணெயும் தண்ணீரும் சேருமோ என்று விளக்கமாய்ச் சொல்லத்தான் போனேன். அந்த நேரம் பார்த்து ஓர் இருமல். குளிர் காற்று நெஞ்சில் பட்டால் எனக்கு அப்படித்தான் வரும்.

இருமி முடிக்கமுதல் தில்லையம்பலம் சொன்னார்: "நான்தான் பூசினனான்."

கேட்டீரோ தம்பி? பூசினவன் நான். எண்ணெய் எடுத்தவன் நான். அகப்பைக் காம்பு பிடித்து என் கை கன்றிப்போய்க் கிடக்கிறது. இவர் சொல்லுகிறார், நான்தான் பூசினேனாம்.

"அப்பா, உங்களுக்கென்ன விசரே?" என்றான் கேதீஸ். "உப்பளத்திலை இதைத்தான் படிச்சனீங்களே? இண்டைக்கு என்ன நடக்க இருந்தது தெரியுமே?" இன்னும் கனக்கச் சொன்னான். தகப்பனுக்கு மகன் சொல்லக்கூடாத சொல்லும் சொன்னான். ஜூட் மற்றப் பக்கம் திரும்பி நின்றான். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்ன நடிப்பு. என் யோசனையைக் களவெடுத்துவிட்டு, அதற்குப் பேச்சு வாங்குகிற மாதிரியும் நின்றுகொண்டு.

பிறகு காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தன்னுடைய கார்த் திறப்பை எடுத்து ஜூட்டின் மேசையில் வைத்தார்.

"நான் இனி ஓடமாட்டன். காரை மட்டும் உடைக்கக் குடுக்காதை பிள்ளை. கழுவித் துப்பரவாக்கினால் சரிவரும். ஐயாத்துரை ஓடட்டும். அந்தாள் பஸ் ஓடின ஆள். பிழை விட்டது நான்தானே."

வதனி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். "சரி மாமா," என்றாள். அவள் கண் ஏன் கலங்கியது என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. கார் புகை கண்ணுக்குக் கூடாது.

ஜூட் தட்டைக் கழுவி, எண்ணெய் குடித்த கட்டைகளை மாற்றிப் போட்டான். கார் இப்போது வாசலில் நிற்கிறது. திறப்பு என் பையில் கிடக்கிறது. காட்டட்டுமோ? இந்தா பாரும்.

பிறகேன் பஸ்ஸில் போகிறேன் என்று கேட்கிறீர். கேட்கிற கேள்விதான். கேதீஸ் தகப்பனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மனிதர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பக்கத்துப் பட்டினமான அஜாக்ஸில் இளைய மகனிடம் போய்விட்டார். "கொஞ்ச நாள் நிண்டிட்டு வாறன்" என்றுதான் சொன்னார். போங்கோ, நல்லது என்றேன். போனபிறகு நான் தனியக் காரை எடுத்துக்கொண்டு மீன்கடைக்குப் போனேன். பக்கத்தில் பிழை சொல்ல ஆள் இல்லாவிட்டால் றோட்டு ஏன் இவ்வளவு நீளமாய்க் கிடக்கிறது? மீன்கடையைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வரும்போது ஒரு பிழையும் இல்லாமல் வந்தேன். அப்போதுதான் விளங்கியது, எத்தனை வருசமாய் நான் வரத்து மட்டும்தான் ஓடியிருக்கிறேன். போகிற வழி அவருடைய வேலை. ஆகவே அஜாக்ஸுக்குப் போக பஸ்.

என்னத்துக்குப் போகிறேனோ? சண்டை பிடிக்க. வேறென்னத்துக்கு? கிழமைக்கு ஒருமுறை போகிறேன். இன்னும் தீரவில்லை. நான் போய்க் கேட்பேன், "ஏன் காணும் என்ரை எண்ணெயை உம்மடை எண்டு சொன்னனீர்?" என்று. தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டு, "ஓம், உம்மடைதான். நீரே வைச்சுக்கொள்ளும்" என்பார். சரி, ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நான் எழும்ப, இளைய மருமகள் அறைக்குள் வருவாள். உடனே குரலை உயர்த்தி, "நான் அந்த எண்ணெயைப் பூசினது பெரிய பிழைதான் ஐயாத்துரை" என்று அவளுக்குக் கேட்கச் சொல்லுவார். போன கிழமையும் அப்படித்தான். தனிய இருக்கும்போது ஒரு கதை, சனம் வந்தால் ஒரு கதை. இப்படிப்பட்ட பொய்யன் ஒருவனை என் வாழ்நாளில் கண்டதில்லை. நான் பொய்யை மணத்திலேயே பிடிக்கிறவன். எனக்கே இவரைப் பிடிபடவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வாரும் என்று கேட்கமாட்டேன். நான் ஏன் கேட்கவேண்டும்? அவருடைய மகனின் வீடு. பங்குனியில் ஜூட் பிறேக்கைப் பார்க்கிற நாளைக்கு வந்து நிற்கட்டும் என்று மட்டும் இன்றைக்குச் சொல்லப் பார்க்கிறேன். அதுவும் போகிற வழி ஓட ஆள் வேண்டுமென்பதற்காக. ஓடமாட்டேன் என்றாரே, பார்ப்போம். அவர் சொல்லுகிறதில் எது நிலைத்தது?

நான் இறங்குகிற இடம் வந்துவிட்டது. இங்கே இறங்கி மற்ற பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். கொஞ்சம் விலகும்.

நீர் கார் வாங்கும் தம்பி. வாங்கினால் உப்பை வைத்திருக்காதையும். கழுவுகிற இடத்தில் அடிப்பக்கம் கழுவும், அடிக்கடி ஓடும், ஜூட் சொன்னதையும் வேண்டுமானால் செய்துவிட்டுப் போம். எண்ணெயைப் பற்றி நான் சொன்னதை மட்டும் மனதில் வையும். தண்ணீர் ஊற்றாத பிறேக்கில் ஒருநாள் அது வேலை செய்யும், பாரும். ஆனால் என் பெயர் எங்கும் வரக்கூடாது. உமக்கு என்னைத் தெரியாது, இந்த பஸ்ஸில் என்னைக் காணவும் இல்லை. வதனிக்குத் தெரிந்த சனம் எங்கும் இருக்கும், கேதீசுக்கும் காது நீளம். இந்த எண்ணெய் வைத்தியம் யார் சொன்னது என்று ஒருவர் வாயைப் பிடுங்கினால், தில்லையம்பலம் என்று சொல்லிவிடும்.

அந்த மனிதருக்கு அது பழகிப்போயிற்று.